நிற்கும் இடம்

போக்குவரத்துப் பிரிவுக்கு மாற்றலாகி வரும் புது எஸ்.ஐ.க்கு யாரும் முதலில் சட்டப் பிரிவுகளைச் சொல்லித்தருவதில்லை. எங்கே நின்றால் கேஸ் விழும் என்பதைத்தான் சொல்லித்தருவார்கள். மேம்பாலம் இறங்குகிற இடம், வளைவு முடிந்ததும் நிற்கும் புளியமரம், ரயில்வே கேட்டைத் தாண்டி வண்டியைத் திருப்ப வழியில்லாத குறுகல். வருகிறவன் கண்ணுக்கு நாம் தெரியக் கூடாது. தெரிந்த பிறகு அவன் தப்ப வழி இருக்கக் கூடாது. சாயங்காலம் மைக்கில் "இன்னிக்கு எத்தனை?" என்று கேட்கும்போது சொல்லிக்கொள்ளும்படி ஓர் எண் கையில் இருக்க வேண்டும். அந்த எண்ணுக்கு இவை அருமையான இடங்கள்தான். என் சர்வீஸின் பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டத்தில், ஊருக்குள்ளும் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையிலுமாகப் போனது. கேஸ் விழும் இடமும் ஆள் விழும் இடமும் ஒன்றாக இருந்து நான் பார்த்தது அபூர்வம்.

ஆள் விழும் இடங்கள் ஸ்டேஷன் ரெக்கார்டிலேயே இருக்கின்றன. தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டர் தூரத்துக்குள் மூன்று ஆண்டுகளில் உயிர்ப்பலியோ பலத்த காயமோ ஏற்பட்ட விபத்துகள் ஐந்து நடந்திருந்தால், அல்லது பத்துப் பேர் இறந்திருந்தால், அது 'பிளாக் ஸ்பாட்' என்பது அரசாங்கக் கணக்கு. பழைய ஏட்டய்யா ஒருவரைக் கேட்டால் ரெக்கார்டைப் புரட்டாமலே சொல்லிவிடுவார்: பங்க் வாசல், கரும்பு வண்டி ஏறும் கட் ரோடு, மேம்பாலத்துக்குக் கீழே லைட் எரியாத இடம். நான் பாரிகேடைப் போடச் சொன்னது அந்த இடங்களுக்கு இருநூறு முந்நூறு மீட்டர் முன்னால், தூரத்திலிருந்தே தெரியும்படி.

"அங்க நின்னா எல்லாரும் ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டுதான் வருவாங்க அய்யா" என்று அலுத்துக்கொள்வார்கள். மாட்டிக்கொண்டு வரட்டும் என்றுதானே நிற்கிறோம்? கண்ணாடியில் தொங்கிய ஹெல்மெட் எங்கள் வெள்ளைச் சட்டையைப் பார்த்ததும் தலைக்கு ஏறுகிறது. ஏறியதைக் கழற்றி மறுபடி மாட்ட யாருக்கும் உடனே தோன்றாது. அடுத்த கட் ரோடு தாண்டும்வரையாவது அது தலையில் இருக்கும். நமக்குப் பயந்து போட்டானா, உயிருக்குப் பயந்து போட்டானா என்ற ஆராய்ச்சியெல்லாம் போலீஸ்காரனுக்குத் தேவையில்லாத வேலை.

நிறுத்துவதிலும் முறை இருக்கிறது. திடீரென்று குறுக்கே பாய்வது, சாவியைப் பிடுங்குவது, ஹேண்டில்பாரைப் பிடித்து இழுப்பது, லத்தியை நீட்டுவது, துரத்துவது என்று எல்லாமே எங்கேயாவது நடந்துகொண்டுதான் இருந்தன. ஓடுகிற டூவீலரை லேசாகத் தட்டினாலே சாய்ந்துவிடும். 2018 மார்ச்சில் திருச்சியை அடுத்த துவாக்குடியில், ஹெல்மெட் இல்லாமல் நிற்காமல் போன ஒருவரை ஓர் ஆய்வாளர் துரத்திப்போய் வண்டியை உதைத்தார். பின்னால் உட்கார்ந்திருந்த, வண்டி ஓட்டியவரின் மனைவி விழுந்து இறந்துபோனார். ஆயிரக்கணக்கான ஜனம் ராத்திரியில் நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்தது. ஆய்வாளர் கைதானார். ஹெல்மெட் போடாதது அன்றைய கணக்கில் நூறு ரூபாய் அபராதத்துக்கான குற்றம். எங்கள் பசங்களுக்கு நான் வைத்த விதி ஒன்றுதான்: நிற்காமல் போனால் விடு, நம்பரை எழுது. முடிந்தால் போனில் ஒரு போட்டோ எடு. வண்டி யார் பேரில் இருக்கிறது என்பது ஆர்.டி.ஓ. ஆபீஸில் இருக்கிறது, ஆள் அமெரிக்காவுக்குப் போய்விட மாட்டான்.

ஹெல்மெட் கட்டாயம் என்பது 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவிலேயே இருக்கிறது. அது தமிழ்நாட்டு ரோட்டுக்கு வந்தது தவணை தவணையாக. 2007 ஜூனில் ஒரு வேகம் எடுத்தது, பிறகு அடங்கியது. அடுத்து 2015 ஜூலை 1. உயர் நீதிமன்ற நீதிபதி கிருபாகரன் போட்ட உத்தரவு அது. ஹெல்மெட் இல்லாவிட்டால் வண்டி ஆவணங்களை வாங்கி வைத்துக்கொண்டு, ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஹெல்மெட்டையும் வாங்கிய பில்லையும் காட்டினால்தான் திருப்பித்தர வேண்டும். கடைகளில் ஸ்டாக் தீர்ந்தது. பைபாஸ் ஓரத்தில் தார்ப்பாய் விரித்து மலைபோல ஹெல்மெட்டைக் குவித்தார்கள். சில மாதம் ஊரே தலையை மூடிக்கொண்டு போனது. அப்புறம் எங்கள் கை தளர்ந்தது, அவர்கள் தலையும் திறந்தது. 2022 அக்டோபரில் அபராதம் நூறிலிருந்து ஆயிரமானது, கூடவே மூன்று மாதம் லைசென்ஸ் முடக்கம்.

ஆயிரம் ரூபாய் பயன் தந்ததா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: தொகையைவிட, மாட்டுவோமா மாட்டோமா என்பதுதான் ஓட்டுகிறவன் மனதில் ஓடும் கணக்கு. வருடத்துக்கு ஒரு தரம் ஆயிரம் என்றால் அது தலைவிதி. வாரத்துக்கு ஒரு தரம் நூறு என்றால் அது தொல்லை. தொல்லைக்குத்தான் மனிதன் பழக்கத்தை மாற்றிக்கொள்வான். சித்தாள் வேலைக்குப் போகிற பெண்ணைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வரும் கொத்தனாரிடம் ஆயிரத்துக்குச் சலான் போட்டால், அது அன்றைக்கு அந்த வீட்டு அடுப்பில் கை வைப்பதுதான். சட்டம் சொல்வதைச் செய்யத்தான் வேண்டும், செய்தேன். லைசென்ஸ் முடக்கத்துக்கோ லைசென்ஸ் வைத்திருப்பவர்தான் பயப்படுவார். கிராமத்துப் பக்கம் நிறுத்துகிற ஆட்களில் பலருக்கு எல்.எல்.ஆர்.கூட இருக்காது. அதற்குத் தனியாக ஐயாயிரம். இரண்டையும் சேர்த்துப் போட்டால் அவர் வண்டியை அங்கேயே விட்டுவிட்டுப் பஸ் ஏறிவிடுவார். சில வண்டிகளுக்கு அவ்வளவு விலையும் போகாது.

ஹெல்மெட் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பதும் போதாது. தார்ப்பாய்க் கடை ஹெல்மெட்டைத் திருப்பி உள்ளே கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பல ஹெல்மெட்டில் துணிக்குப் பின்னால் பஞ்சு இருக்கும், அதற்குப் பின்னால் நேராகப் பிளாஸ்டிக் ஓடு. இடைப்பட வேண்டிய கெட்டித் தெர்மாகோல் இருக்காது. அடி விழும்போது நசுங்கி வேகத்தை வாங்கிக்கொள்வது அந்தத் தெர்மாகோல்தான். ஓடு மட்டும் அந்த வேலையைச் செய்யாது. ஐ.எஸ். 4151 என்ற எண்ணோடு முத்திரை இருக்க வேண்டும், 2021 ஜூன் முதல் அது இல்லாமல் டூவீலர் ஹெல்மெட் விற்பதே குற்றம். நல்ல ஹெல்மெட்டையும் பாதிப் பேர் பட்டை மாட்டாமல் தலையில் வைத்துக்கொண்டு வருவார்கள். நான் ஓட்டுகிறவரின் பின்பக்கம் நின்று, ஹெல்மெட்டின் அடியில் கை வைத்து முன்பக்கமாக மெல்லத் தள்ளிக் காட்டுவேன். பட்டை மாட்டாதது அப்படியே மூக்கின் மேல் கவிழ்ந்து விழும். "ரோட்டுல விழும்போது முதல்ல ஹெல்மெட் ஒரு பக்கம் போகும், அப்புறம் தலை ஒரு பக்கம் போகும்" என்று சொன்னால் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே பட்டையை மாட்டும் 'டிக்' சத்தம் கேட்டதும் போகச் சொல்லிவிடுவேன்.

பின்னால் உட்கார்பவர் கதை தனி. கணவர் தலையில் ஹெல்மெட், மனைவி தலையில் பூ, நடுவில் குழந்தை தூக்கக் கலக்கத்தில். 2022ஆம் ஆண்டு நாடு முழுக்கச் சாலையில் இறந்தவர்கள் 1,68,491 பேர், அதில் நூற்றுக்கு நாற்பத்துநான்கு பேருக்கு மேல் டூவீலரில் வந்தவர்கள். ஹெல்மெட் இல்லாமல் இறந்தவர்கள் 50,029 பேர் என்றும், அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்தவர்கள் என்றும் மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. எங்கள் ஊர்ப்பக்கம் அந்தப் பின்சீட்டுக்காரர் பெரும்பாலும் பெண். ஒருபக்கமாக உட்கார்ந்து, ஒரு கையில் பை, ஒரு கையில் குழந்தை; பிடித்துக்கொள்ள மூன்றாவது கை கிடையாது. வேகத்தடையில் ஏறி இறங்கினாலே போதும். சேலை கார்டும் பின்னால் இருப்பவருக்குக் கைப்பிடியும் கட்டாயம் என்று விதி இருக்கிறது, ஆனால் புது வண்டி எடுத்த பையன் முதல் வேலையாகச் சேலை கார்டைக் கழற்றுகிறான், பார்க்க நன்றாக இல்லையாம். முந்தானையோ துப்பட்டாவோ சக்கரத்தில் சுற்றினால் என்ன ஆகும் என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. நிறுத்திய வண்டியில் சேலை கார்டு இல்லை என்றால் சலான் போடாமல் பக்கத்து மெக்கானிக் கடைக்கு அனுப்பி மாட்டிக்கொண்டு வரச்சொல்லியிருக்கிறேன். சட்டப் புத்தகத்தில் இப்படி ஒரு தண்டனை இல்லை. யாரும் என் மேல் புகார் கொடுக்கவும் இல்லை.

சலான் போடும் இடத்தில் நடக்கிற பேச்சுவார்த்தைகளை வைத்து ஒரு நாடகமே போடலாம். "பக்கத்துத் தெருவுக்குத்தான் சார்." "ஆஸ்பத்திரிக்குப் போறேன் சார்." "முடி கொட்டுது சார்." எல்லாவற்றையும்விடப் பிரபலமானது, போனை நம் முகத்துக்கு நேராக நீட்டி "ஒரு நிமிஷம் பேசுங்க சார்" என்பது. மறுமுனையில் கவுன்சிலர், வட்டம், வக்கீல், சில சமயம் எங்கள் டிபார்ட்மென்ட் ஆளே. நான் போனை வாங்குவதில்லை. "சலான் முடிச்சிட்டுப் பேசறேன்னு சொல்லுங்க" என்பேன். ரொக்கம் வாங்கிய காலத்தில் எங்கள் ஆட்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று சொன்னால் இதைப் படிக்கிற யாரும் நம்பப் போவதில்லை. கார்டு, க்யூ.ஆர். வழியாக மெஷினில் கட்டும் முறை வந்தது எங்களுக்கே பெரிய நிம்மதி. ஐம்பதைக் கையில் சுருட்டி நீட்டுகிறவரிடம் "மெஷின்ல போகாதுங்க" என்று சொல்ல முடிந்தது.

குடித்துவிட்டு ஓட்டுவது வேறு ரகம். அது ரோட்டிலேயே முடிகிற கேஸ் இல்லை, கோர்ட்டுக்குப் போக வேண்டும். நூறு மில்லி ரத்தத்தில் முப்பது மில்லிகிராம் ஆல்கஹால் தாண்டினால் 185ஆம் பிரிவு, முதல் தடவையே பத்தாயிரம் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ. டாஸ்மாக் பத்து மணிக்கு மூடும். கடை வாசலில் நின்று பிடிப்பது சுலபம், தகராறும் அங்கேதான் அதிகம். சேர்ந்து வரும் கும்பலுக்கு ஒருவர் முன்னால் ஒருவருக்கு வீரம் வந்துவிடும். ஊருக்குள் போகிற வழியில், தெருவிளக்குக்குக் கீழே, ஒவ்வொருவராக வரும் இடத்தில் நின்றால் ஆள் சாதுவாக இருப்பார். ஊதச் சொன்னால் உறிஞ்சுவார். மெஷின் ஒத்துக்கொள்ளாது. "அண்ணே, இளநி குடிக்கிற மாதிரி இல்ல, பலூன் ஊதற மாதிரி" என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். சிலர் ஊதுவதற்கு முன் வெற்றிலை பாக்கை வாயில் அடக்கிக்கொள்வார்கள்; நாற்றம்தான் மாறும், அளவு மாறாது. எனக்கு முக்கியமாகப் பட்டது மெஷின் காட்டும் எண்ணுக்கு அப்புறம் நடப்பது. சாவி எங்களிடம், வண்டி ஸ்டேஷனில். ஆளை நடக்கவிட்டால் அவர் நெடுஞ்சாலையை நடந்து கடப்பார், அது இன்னும் மோசம். வீட்டுக்குப் போன் போட்டு யாராவது வரும்வரை பெஞ்சில் உட்கார வைப்போம். வருவது அனேகமாக மனைவி அல்லது பிளஸ் டூ படிக்கும் மகன். அந்த நேரத்தில் அப்பா தலை குனிந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்த எந்த ஏட்டும் அவரைத் திட்டியதில்லை. வீட்டில் வேண்டியது கிடைக்கும் என்று எங்களுக்குத் தெரியும்.

நெடுஞ்சாலை டியூட்டியில் என்னை அதிக நாள் அலையவைத்தது எதிர்த்திசையில் வரும் பைக்குகள். விபத்தானால் நாங்கள் செய்யும் வேலை வரிசை எல்லோருக்கும் ஓரளவு தெரியும்: 108க்கு அழைத்து ஆளை அனுப்புவது, பார்வை மகஜர், வரைபடம், எஃப்.ஐ.ஆர்., வண்டியைப் பார்க்க மோட்டார் வாகன ஆய்வாளர் வருவது. ஜனங்களுக்கு அவர் இன்றும் 'பிரேக் இன்ஸ்பெக்டர்'. இப்போது ஐ.ஐ.டி. மெட்ராஸும் என்.ஐ.சி.யும் சேர்ந்து உருவாக்கிய ஐராட் செயலியில், சம்பவ இடத்தில் நின்றே எல்லாவற்றையும் ஏற்ற வேண்டும். அப்படி ஏற்றிய விபத்துகளைப் படத்தில் புள்ளிகளாகப் பார்த்தபோது ஒரு கிராமத்துக்கு எதிரே அவை கொத்தாக இருந்தன. எல்லாமே விடிகாலையில், எல்லாமே எதிரும் புதிருமாக மோதியவை.

அந்த ஊரின் பால் சொசைட்டி சாலையோரம், ஊரிலிருந்து ஒரு கூப்பிடு தூரத்தில் இருந்தது. சட்டப்படி போக வேண்டுமானால் ஊர்க்காரர் இடப்பக்கமாகவே போய், அடுத்த மேம்பாலத்துக்கு அடியில் திரும்பி, மறுபக்கம் வந்து, இன்னொரு திருப்பத்தில் திரும்ப வேண்டும். ஒரு கேன் பாலுக்கு ஐந்தாறு கிலோமீட்டர். அதனால் பனி மூட்டத்தில், கேனை இருபக்கமும் கட்டிக்கொண்டு, பஸ்ஸும் லாரியும் வரும் பாதைக்கு எதிராகவே ஓட்டிவந்தார்கள். போக்குவரத்துக்கு எதிர்த்திசையில் வருவது 184ஆம் பிரிவின்படி அபாயகரமாக ஓட்டுவதில் சேரும். கேஸ் போட்டோம். மறுநாளும் வந்தார்கள். நாங்கள் நிற்கும் நாளில் வயல் வரப்பு வழியாகத் தள்ளிக்கொண்டு போனார்கள், நிற்காத நாளில் பழையபடி.

ஒருநாள் பெரியவர் ஒருவர், அபராதம் கட்டிய கையோடு, "அய்யா, சர்வீஸ் ரோடுன்னு ஒண்ணு போட்டிருக்காங்களே, அதுல போனா நீங்க ஏன் புடிக்கப் போறீங்க? அதுல போக உடுறாங்களா கேளுங்க" என்றார். போய்ப் பார்த்தேன். சொசைட்டிவரைக்கும் சர்வீஸ் ரோடு இருக்கத்தான் செய்தது, லாரிகளுக்குக் கீழே. ராத்திரி ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டு டிரைவர்கள் வரிசையாக அங்கே நிறுத்திப் படுத்துவிடுவார்கள். மிச்ச இடத்தில் கருவேல முள் சாய்ந்து கிடந்தது. பின்விளக்கு இல்லாத லாரியின் வாலில் இருட்டில் மோதுவதைவிட எதிரே வருகிற வெளிச்சத்தைப் பார்த்து ஒதுங்குவது மேல் என்பது ஊர்க்காரர்களின் கணக்கு. அந்தக் கணக்கு தப்பில்லை என்றுதான் எனக்கும் பட்டது.

அதற்குப் பிறகு அந்த இடத்தில் பைக்கை நிறுத்துவதை விட்டுவிட்டு லாரிகளுக்குக் கேஸ் போட்டோம். ஹோட்டல்காரர் முதலில் சண்டைக்கு வந்தார், பிறகு தன் பின்பக்கக் காலி மனையில் மண் கொட்டி லாரி நிறுத்த இடம் செய்தார். முள்ளை வெட்டப் பஞ்சாயத்துத் தலைவர் நூறு நாள் வேலை ஆட்களை அனுப்புவதாகச் சொன்னார். கடைசியில் வெட்டியது பால்காரர்களேதான், ஒரு ஞாயிற்றுக்கிழமை. சுங்கச்சாவடி ரோந்து வண்டிக்காரர்கள் ஒளிரும் ஸ்டிக்கர் சுருள் கொடுத்தார்கள். அதைக் கத்தரித்துப் பால் கேன்களின் பின்பக்கம் ஒட்டினோம். அந்த மழைக்காலத்தில் அந்த ஊருக்கு எதிரே ஒரு எஃப்.ஐ.ஆர்.கூட இல்லை. மாதாந்திர மீட்டிங்கில் 184 கேஸ் ஏன் குறைந்தது என்று விளக்கம் கேட்டார்கள், எழுதிக் கொடுத்தேன்.

விழிப்புணர்வு என்ற பெயரில் நடப்பவற்றில் எனக்குப் பாதிதான் நம்பிக்கை. எமதர்மன் வேஷம் கட்டிய ஆளைப் பாசக்கயிற்றோடு சிக்னலில் நிறுத்துவார்கள். ஜனங்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டு, ஹெல்மெட் இல்லாமலே போவார்கள். பள்ளிக்கூடம் வேறு. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் போய், "நாளைக்கு அப்பா ஹெல்மெட் போடலைன்னா வண்டியில ஏறாதீங்க" என்று சொல்லிப் பாருங்கள். மறுநாள் காலை பள்ளி வாசலில் அப்பாக்கள் எங்களை முறைப்பதிலிருந்தே வேலை நடந்தது தெரியும். பெரிய வகுப்புப் பையன்கள் வண்டி ஓட்டி வருவதுதான் சிக்கல். 199ஏ பிரிவில் பெற்றவர்களுக்கு இருபத்தைந்தாயிரம் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் இருக்கிறது. பையனின் அம்மாவை வரவழைத்து இதைச் சொன்னால், "காலைல ஒரே பஸ்ஸு சார், அதுவும் நிக்காது" என்பார். பஸ் டிப்போ மேனேஜரிடம் பேசி அந்த நிறுத்தத்தில் பஸ்ஸை நிற்க வைப்பதும் எங்கள் வேலையாகிப் போனது உண்டு.

சொல்லியே தீர வேண்டிய இன்னொன்று: அடிபட்டவரைத் தூக்கப் பயப்படாதீர்கள். 2019 திருத்தத்தில் வந்த 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவி செய்தவர் மேல் வழக்குப் பாயாமல் காக்கிறது. பெயர் சொல்லச் சொல்லிக்கூடக் கட்டாயப்படுத்த முடியாது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரியிலும் இலவசம். இது தெரியாமல், "போலீஸ் வரட்டும்" என்று சுற்றி நின்ற கூட்டத்தை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

இப்போது பெரிய ஊர்களின் சிக்னல்களில் நம்பர் பிளேட்டைப் படிக்கும் கேமரா வந்துவிட்டது. கேமராவிடம் போனை நீட்டி "ஒரு நிமிஷம் பேசுங்க" என்று சொல்ல முடியாது. மழை, வெயில், மத்தியானச் சாப்பாடு எதற்கும் அது இடம் விட்டு நகராது. மாட்டுவோம் என்ற நிச்சயத்தைக் கொடுப்பதில் அது எங்களைவிடக் கெட்டிக்காரன், அதில் எனக்குப் பொறாமைகூட உண்டு. அது பார்ப்பதோ நம்பரை மட்டும். நாலு கை மாறி விற்ற வண்டிக்கு முதல் சொந்தக்காரர் போனில் எஸ்.எம்.எஸ். விழுகிறது, அவர் அலறியடித்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வருகிறார். எனக்குத் தெரிந்தவர்கள் இன்றும் அப்படிப் போன் செய்கிறார்கள். வண்டியை விற்றால் கையெழுத்துப் போட்ட வெள்ளைப் பேப்பரோடு சாவியைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். படிவம் 29ஐயும் 30ஐயும் நிரப்பி ஆர்.டி.ஓ. ஆபீஸில் பேர் மாற்றிவிட்டு, மாறியதைப் பரிவாகன் தளத்தில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். அதுவரை வண்டியை வாங்கிய பையன் ஹெல்மெட் போடாததற்கெல்லாம் நீங்கள்தான் பொறுப்பு.